காணாமல் போய்த் திரும்பி வந்த பாடல்கள்: ஓர் ஒத்திசைவுக் கோளாற்றின் நிகழ்வு ஆய்வு

முறையீடு

என் பெரியப்பாவின் கணினியில் 6,412 பாடல்கள் உள்ளன. அவற்றை அவர் கணினியில் கேட்பதில்லை; சிறிய எம்பி3 பிளேயர் ஒன்றில் ஏற்றிக்கொண்டு, நடக்கும்போதும் படுக்கப் போகும்போதும் கேட்பார். அந்த பிளேயருக்கு இணைய இணைப்பு கிடையாது. கேபிளால் கணினியோடு இணைத்தால் பென்டிரைவ் போலத் திறந்துகொள்ளும். பாடல்கள் 64 ஜிபி மெமரி கார்டு ஒன்றில் இருக்கும். வாரம் ஒருமுறை பிளேயரை இணைத்து, இசைத்தொகுப்பு மென்பொருளில் ஒத்திசைவுப் பொத்தானை அழுத்துவார். புதிதாகச் சேர்த்த பாடல்கள் பிளேயருக்குப் போகவேண்டும், கணினியில் நீக்கியவை பிளேயரிலிருந்தும் நீங்கவேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

அவர் என்னிடம் சொன்ன குறை இரண்டு. முதலாவதை அவருடைய சொற்களிலேயே தருகிறேன்: "போன வாரம் இருந்த பாட்டு இந்த வாரம் இல்லேப்பா. அடுத்த வாரம் பார்த்தா அது இருக்கு, வேற ஒண்ணு இல்லே." இரண்டாவது, சில பாடல்களின் பெயர் பிளேயரின் திரையில் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன, வேறு சில பட்டியலில் இருந்தும் ஒலிக்க மறுக்கின்றன என்பது. இரண்டே பாடல்களைச் சேர்த்த வாரத்திலும் ஒத்திசைவு முடிய 25 நிமிடம் ஆகிறது என்பதை அவர் குறையாகவே சொல்லவில்லை. பழைய கருவி, அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டார். பேச்சுவாக்கில் அது வெளிவந்தபோது நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோளாற்றின் வேர் அந்த 25 நிமிடத்தில்தான் இருந்தது என்பதால், அதைக் கேட்டவுடன் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதலில் ஐயப்பட்டவை

இத்தகைய சிக்கலில் யாரும் முதலில் கை வைப்பது கேபிளின் மீதுதான். வேறு கேபிளை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. மின்னேற்றத்துக்கு மட்டுமே ஆன கேபிளாக இருந்திருந்தால் பிளேயர் கணினியில் தோன்றவே தோன்றாது. இங்கே அது ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத் தோன்றியது.

அடுத்த ஐயம் மெமரி கார்டு. பாடல்கள் காணாமல் போகின்றன என்று கேட்டதும் போலிக் கொள்ளளவுக் கார்டுகள் நினைவுக்கு வந்தன. 64 ஜிபி என்று தன்னைக் காட்டிக்கொண்டு உள்ளே 8 ஜிபி மட்டுமே வைத்திருக்கும் கார்டு, எழுதும்போது எந்தப் பிழையும் சொல்லாது. பழையவற்றின் மேல் புதியவற்றை எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கும். எஃப்3 என்ற கருவி, கார்டு நிரம்பும்வரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுச் சொல்லும். கார்டில் இருந்தவற்றை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு அதை ஓட்டினேன். கார்டு குற்றமற்றது.

மூன்றாவதாகக் கோப்பு முறைமையை, அதாவது வட்டிலோ கார்டிலோ கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையை, பார்த்தேன். பிளேயர் ஃபேட்32 முறைமையை மட்டுமே அறியும். அந்த முறைமையில் ஒரு கோப்புறைக்கு 65,536 பதிவிடங்கள் என்ற வரம்பு உண்டு. நீண்ட பெயர் ஒன்று 13 எழுத்தலகுகளுக்கு ஓர் இடம் வீதம் எடுத்துக்கொள்வதோடு கூடுதலாக இன்னோர் இடத்தையும் பிடிக்கும். 60 அலகு நீளமுள்ள பெயருக்கு 6 இடங்கள் செலவாகும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் கொட்டுபவர் 11,000 பாடல்களைத் தொடுமுன்பே சுவரில் முட்டிக்கொள்வார். தமிழில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி அலகுகளாக எண்ணப்படுவதால், கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் பெயர்கூட அங்கே நீளமானதே. ஆனால் பெரியப்பா பாடகர், ஆல்பம் என்று கோப்புறைகளாகப் பிரித்து வைத்திருந்தார். எந்தக் கோப்புறையிலும் முந்நூறுக்குமேல் இல்லை.

அதன்பின்தான் 25 நிமிடம் உறுத்தியது. இந்தக் கார்டில் எழுதும் வேகத்தை அளந்தேன். வினாடிக்கு 5 எம்பி அளவில் இருந்தது. 25 நிமிடம் என்றால் ஏறத்தாழ 7 ஜிபி. இரண்டு பாடல்களுக்கு அவ்வளவு தேவையில்லை. மென்பொருளில் உண்மையில் எதையும் மாற்றாமல், என்னென்ன செய்யப்போகிறேன் என்று பட்டியலிட்டு மட்டும் காட்டும் ஒத்திகை வசதி இருந்தது. தொகுப்பில் எந்த மாற்றமும் செய்யாமல் அதை மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் ஒரே விடை: 1,193 கோப்புகளை நகலெடுக்கப் போவதாகச் சொன்னது. அதே பட்டியலின் மேற்பகுதியில், பிளேயரிலிருந்து அழிக்கப்போகும் கோப்புகள் என்று இன்னொரு தொகுதி இருந்தது. அதிலும் 1,193. பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அழிக்கப்போவதும் எழுதப்போவதும் ஒரே பாடல்கள்.

அதாவது, ஒவ்வொரு வாரமும் மென்பொருள் அந்த 1,193 பாடல்களை "இவை இசைத்தொகுப்பில் இல்லை" என்று முடிவுசெய்து பிளேயரிலிருந்து அழிக்கிறது. உடனே "இவை பிளேயரில் இல்லை" என்று முடிவுசெய்து அவற்றையே மறுபடி எழுதுகிறது. அழிப்பது நொடிகளில் முடிந்துவிடும்; எழுதத்தான் 25 நிமிடம். பல வாரங்களில் அது முடியும்வரை காத்திராமல், கால் மணி நேரம் ஆனதுமே முடிந்திருக்கும் என்று பெரியப்பா கேபிளை உருவிவிடுவார். எழுதப்படாமல் நின்ற பாடல்கள் அந்த வாரம் முழுக்கக் காணாமல் போயிருக்கும். அடுத்த வாரம் சற்றுப் பொறுமையாக இருந்தால் அவை திரும்பி வரும். முதல் குறைக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. ஆனால் எஞ்சிய 5,219 கோப்புகளைத் தொடாத மென்பொருள், இந்த 1,193ஐ மட்டும் ஏன் அடையாளம் காண மறுக்கிறது என்பதற்கு விளக்கம் இல்லை.

நேர முத்திரையைத்தான் உடனே சந்தேகித்தேன். ஃபேட் முறைமை, கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தை இரண்டு வினாடிப் படிகளில் மட்டுமே குறிக்கும். அதுவும் நேர வலயம் எது என்ற குறிப்பின்றி, உள்ளூர் நேரமாக. கணினியில் 7ஆம் வினாடி என்று இருப்பது கார்டில் 6ஆம் வினாடி அல்லது 8ஆம் வினாடி ஆகிவிடும். கண்டிப்பாக ஒப்பிடும் மென்பொருளுக்கு இது "மாறிய கோப்பு". ஆனால் இதுதான் காரணம் என்றால், ஒற்றைப்படை வினாடியில் மாற்றப்பட்டவை அனைத்தும், அதாவது ஏறத்தாழப் பாதித் தொகுப்பு, சிக்கியிருக்க வேண்டும். நேர வலயக் குழப்பம் என்றாலோ அத்தனை கோப்புகளும் சிக்கவேண்டும். இங்கே சிக்கியவை 18.6 விழுக்காடு. அந்த எண் இரண்டில் எதற்கும் பொருந்தவில்லை. தவிர, நேரம் மாறிய கோப்பை மேலெழுதுவார்கள். "தொகுப்பிலேயே இல்லை" என்று அழிக்கமாட்டார்கள். சிக்கல் பெயரில் இருக்கவேண்டும் என்று அப்போதே தெளிந்திருக்கலாம். தெளியவில்லை, ஏனென்றால் பெயர்கள் என் கண்முன் ஒன்றுபோலவே இருந்தன.

குறிப்பேடு

பெரியப்பா காணாமல் போன பாடல்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். 53 பாடல்கள், அவருடைய கையெழுத்தில். பாடகர் பெயர், பாடலின் முதற்சொல், தேதி. இதைவிட நல்ல சான்றை எந்த மென்பொருளின் பதிவேடும் தந்ததில்லை.

பட்டியலில் முதலில் கண்ணில் பட்டது, பாடகர்களில் பெரும்பாலோர் அகர வரிசையின் பின்பாதியில் வருபவர்கள் என்பது. இது எளிது: மென்பொருள் வரிசைப்படி எழுதிக்கொண்டே போகிறது, கேபிளை உருவும்போது வரிசையின் கடைசியில் நின்றவை விடுபடுகின்றன. இரண்டாவதாகக் கண்ணில் பட்டதுதான் முக்கியமானது. அச்செழுத்தில் பலமுறை பார்த்தும் எனக்குத் தென்படாதது, கையெழுத்தில் தென்பட்டது. பெரியப்பா கொம்புகளைப் பெரிதாகச் சுழித்து எழுதுபவர். பக்கம் முழுக்கக் கொம்பும் காலுமாக இருந்தது. 53 பாடல்களில் 41இன் முதற்சொல்லில் ஒகரமோ ஓகாரமோ ஔகாரமோ ஏறிய உயிர்மெய் ஒன்றாவது இருந்தது: கொ, தோ, மௌ என்ற வகை.

தமிழ்ப் பெயர்களே காரணம் என்று அதுவரை அரைமனதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மென்பொருள் தமிழை ஒழுங்காகக் கையாளாது என்பது நம்மில் பலருக்குப் பழகிப்போன ஐயம். பல வேளை உண்மையும்கூட. ஆனால் 1,193 கோப்புகளின் முழுப் பட்டியலை இந்தப் புதிய கண்ணோடு பிரித்துப் பார்த்தபோது அந்த ஐயம் நிற்கவில்லை. கா, கி, கு, கெ, கே, கை போன்றவற்றை மட்டும் கொண்ட ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெயர்கள் எந்தத் தொல்லையும் இன்றி இருந்தன. சிக்கியவற்றில் 1,184 தமிழ்ப் பெயர்கள். அவற்றில் 843இன் கோப்புப் பெயரிலேயே கொ, கோ, கௌ வரிசை எழுத்து இருந்தது. மீதி 341இன் கோப்புப் பெயரில் அத்தகைய எழுத்து இல்லை. ஆனால் அவை இருந்த கோப்புறையின் பெயரில், அதாவது பாடகர் அல்லது ஆல்பத்தின் பெயரில், இருந்தது. குறிப்பேட்டின் மீதி 12 பாடல்களும் இந்த வகையே.

எஞ்சிய 9 கோப்புகள் தமிழே அல்ல. அவை ரோமன் எழுத்தில் பெயரிடப்பட்டவை. ஒவ்வொன்றிலும், பிரெஞ்சுச் சொற்களில் வருவதுபோல, தலையில் சிறு கோடு ஏறிய உயிரெழுத்து ஒன்று இருந்தது. எனக்கு உண்மையைச் சொன்னவை இந்த ஒன்பதுதான். தமிழ் ஓகாரத்துக்கும் பிரெஞ்சு உயிரெழுத்துக்கும் பொதுவான பண்பு ஒன்றே ஒன்று: கணினியில் இரண்டையும் இரண்டு விதமாக எழுதலாம்.

ஒரே பெயர், இரண்டு எழுத்துத்தொடர்

பள்ளியில் எழுத்துக் கற்றுக்கொடுக்கும்போது 'கொ' என்பதை ஒற்றைக்கொம்பு, க, கால் என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு தரமும் அப்படிப் பிரித்து எழுத இடம் தருகிறது. ஒகரக்குறிக்கு 3018 என்ற ஒரே எண் உண்டு. அதையே எகரக் கொம்புக்கான 3014, காலுக்கான 3006 என்ற இரண்டு எண்களாகவும் எழுதலாம். ஓகாரக்குறி 3019, பிரித்தால் 3015, 3006. ஔகாரக்குறி 3020, பிரித்தால் 3014, 3031. தனியே நிற்கும் 'ஔ' எழுத்தும் 2964 என்று ஒன்றாகவோ, 2962, 3031 என்று இரண்டாகவோ வரலாம். பிரித்து எழுதினாலும் க முதலிலும் கொம்பு பின்னுமாகத்தான் நினைவில் நிற்கும். கொம்பை முன்னே தள்ளி வரைவது திரையின் வேலை. இரண்டு வடிவமும் ஒன்றே என்பது யூனிகோடு தரத்தின் விதி. எந்த எழுத்துருவிலும் இரண்டும் ஒரே உருவாகவே தெரியவேண்டும், பெரும்பாலும் தெரிகின்றன. ஆனால் வட்டில் 'கோ' என்பது சேர்ந்த வடிவில் 6 பைட்டு. பிரிந்த வடிவில் 9 பைட்டு. பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடும் மென்பொருளுக்கு அவை இரு வேறு சொற்கள்.

மலையாளம், வங்காளம் போன்ற எழுத்துமுறைகளிலும் இப்படிப் பிரியும் உயிர்க்குறிகள் உண்டு. ஆகவே இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த தனிக்கேடு அல்ல. ஆனாலும் தமிழில் ஒகர ஓகாரங்கள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்று பார்த்தால், இந்தக் கோளாறு நம்மை மற்ற பலரைவிட அதிகமாகத் தொல்லைப்படுத்தும் என்பது விளங்கும்.

பிரிந்த வடிவம் இந்தத் தொகுப்புக்குள் எப்படி வந்தது? இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெரியப்பா ஒரு பழைய மேக் கணினியிலிருந்து இப்போதைய லினக்ஸ் கணினிக்கு மாறினார். மேக்கில் 1998இல் வந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, எந்தப் பெயரைக் கொடுத்தாலும் அதைப் பிரிந்த வடிவுக்கு மாற்றித்தான் வைத்துக்கொள்ளும். 2017இல் அதன் இடத்துக்கு வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்த வடிவை அப்படியே காக்கும். ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கருதும். பெரியப்பாவின் பழைய வட்டு முந்தைய வகை. அதிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கருவியைக் கொண்டு வலைவழியாகக் கோப்புகளை நகலெடுத்தபோது, பிரிந்த பெயர்கள் பிரிந்தபடியே லினக்ஸின் எக்ஸ்ட்4 வட்டில் வந்து அமர்ந்தன. எக்ஸ்ட்4 இயல்பாகப் பெயர்களை வெறும் பைட்டுத் தொடராகத்தான் பார்க்கிறது, வடிவத்தில் தலையிடுவதில்லை. ஆர்சிங்க் 3.0 பதிப்பிலிருந்தே பெயர்களை வடிவம் மாற்றிக் கொண்டுபோகும் தெரிவு இருக்கிறது. அதைப் பயன்படுத்தவேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த மாற்றத்தைச் செய்து கொடுத்தவன் நான்தான் என்பதையும் இங்கே பதிவுசெய்யவேண்டும்.

இந்த விளக்கம் சரியென்றால், கணினி மாறிய பிறகு சேர்த்த பாடல்கள் சிக்கக்கூடாது; விசைப்பலகையில் தட்டும்போது பொதுவாகச் சேர்ந்த வடிவமே வரும். சரிபார்த்தேன். ஓகார வகை எழுத்துகள் இருந்தும் மறுநகலெடுப்பில் சிக்காத கோப்புகள் 212 இருந்தன. அத்தனையும் மாற்றத்துக்குப் பின் சேர்ந்தவை. பைத்தான் நிரல்மொழியில் நான்கு வரி எழுதி, பெயர்களை எண்களாகப் பிரித்துப் பார்த்தபோது, சிக்கிய 1,193இலும் பிரிந்த வடிவம், தப்பிய 212இலும் சேர்ந்த வடிவம். விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை.

ஆனாலும் பிரிந்த வடிவம் மட்டுமே குற்றவாளி ஆகிவிடாது. தொகுப்பிலும் பிரிந்த வடிவம், கார்டிலும் அதே பிரிந்த வடிவம் என்றால் ஒப்பீடு பொருந்தியிருக்க வேண்டுமே. பொருந்தாததற்குக் காரணம் அந்த மென்பொருளின் உள்ளமைப்பு. அது தொகுப்பை வருடித் தன் தரவுத்தளத்தில் பதியும்போது, தேடல் வசதிக்காகப் பெயர்களைச் சேர்ந்த வடிவுக்கு மாற்றிக்கொள்கிறது. நகலெடுக்கும்போதோ வட்டில் உள்ள உண்மையான பெயரோடு, அதாவது பிரிந்த வடிவோடு, கார்டில் எழுதுகிறது. அடுத்த வாரம் கார்டைப் படிக்கும்போது அங்கே உள்ள பெயரை மாற்றாமல் அப்படியே எடுத்து, தரவுத்தளத்தில் உள்ள சேர்ந்த வடிவோடு ஒப்பிடுகிறது. ஒரு பக்கத்தை மட்டும் இயல்பாக்கிவிட்டு, அதாவது ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டு, மறுபக்கத்தை விட்டுவிட்டார்கள். இரு பக்கத்தையும் விட்டிருந்தாலும் சரி, இரு பக்கத்தையும் மாற்றியிருந்தாலும் சரி, பெரியப்பாவின் குறிப்பேட்டுக்கு வேலை இருந்திருக்காது. பிரித்து வைத்த பழைய கோப்பு முறைமையை இதற்காகக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அது தனக்குள் முரணின்றி நடந்துகொண்டது.

உறுதிசெய்ய ஒரு சிறு சோதனை போதுமானதாக இருந்தது. வெற்றுக் கோப்புறை ஒன்றில் 'கோ' என்ற பெயரில் இரண்டு கோப்புகளை, ஒன்றைச் சேர்ந்த வடிவிலும் ஒன்றைப் பிரிந்த வடிவிலும் உருவாக்கினேன். எக்ஸ்ட்4 மறுப்பின்றி ஏற்றது. ஃபேட்32 கார்டும் ஏற்றது. ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே நின்றதைப் பெரியப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

திருத்தம்

மென்பொருளைத் திருத்துவது என் கையில் இல்லை. அதை உருவாக்குவோருக்கு இந்த இரு கோப்புச் சோதனையை எழுதி அனுப்பினேன். நம் பக்கத்தில் செய்யக்கூடியது, தொகுப்பின் பெயர்கள் அனைத்தையும் சேர்ந்த வடிவுக்கு மாற்றிவிடுவது. அப்போது தரவுத்தளம், வட்டு, கார்டு மூன்றிலும் ஒரே வடிவம் இருக்கும்.

இதற்குக் கான்வ்எம்வி என்ற கட்டளைவரிக் கருவி உள்ளது. கோப்புறைகளுக்குள் இறங்கிப் பெயர்களை ஒரு வடிவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும். அதன் மிக நல்ல குணம், வெளிப்படையாக ஆணையிடாதவரை எதையும் மாற்றாமல், மாற்றப்போவதை மட்டும் காட்டுவது. முதலில் முழுத் தொகுப்பையும் வேறு வட்டில் நகலெடுத்தேன். அடுத்து 40 பாடல்களைத் தனியே எடுத்து அவற்றின்மீது ஓட்டிப் பார்த்தேன். பிறகே முழுத் தொகுப்பின்மீது ஓட்டினேன். 27 இடங்களில் கருவி மாற்ற மறுத்தது. மாற்றினால் வரவேண்டிய பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு அங்கே இருந்தது. காணாமல் போன பாடல் கணினியிலும் போய்விட்டது என்று எண்ணிப் பெரியப்பா பழைய குறுவட்டுகளிலிருந்து மறுபடி ஏற்றியவை அவை. ஒவ்வோர் இணையையும் அவரே கேட்டு, எது நன்றாக ஒலிக்கிறது என்று தேர்ந்தெடுத்தார். அதற்கு ஒரு மாலை முழுதும் ஆயிற்று. அவருக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

பெயர் மாறியதும் இசைத்தொகுப்பு மென்பொருள் அந்தக் கோப்புகளைப் புதியவையாகக் கருதும். அப்போது எத்தனை முறை கேட்டது, எத்தனை நட்சத்திரம் என்ற பதிவுகள் அறுந்துபோகும். ஆகவே மென்பொருளை மூடிவிட்டு, அதன் தரவுத்தளத்தையும் நகலெடுத்து வைத்து, அதில் பதிவாகியிருந்த கோப்புப் பாதைகளையும் சேர்ந்த வடிவுக்கு மாற்றினேன். இவ்வளவு கவனமாக இருந்தும் ஒன்றை மறந்தேன். எம்3யு8 வகைப் பாடல்வரிசைகள் மூன்று தனிக் கோப்புகளாக இருந்தன. அவற்றுக்குள் எழுதியிருந்த பாதைகள் பிரிந்த வடிவிலேயே நின்றதால், மறுநாள் காலையில் மூன்றும் பாதிப் பாடல்களோடு மட்டும் திறந்தன. அவை வெறும் உரைக் கோப்புகள்தாம். யூகான்வ் என்ற கருவியால் நொடியில் சரியாயின.

கார்டில் உள்ளவற்றைத் திருத்த முயலவில்லை. இரண்டு வடிவங்களும் பாதி நகல்களும் கலந்து கிடந்த அதை அழித்து, ஃபேட்32ஆக வடிவமைத்து, புதிதாக நிரப்புவதே தூய்மையான வழி. ஆனால் நிரப்புவதற்குமுன் இரண்டாவது குறையைத் தீர்க்கவேண்டியிருந்தது. அதற்கு, தலைப்பு, பாடகர் முதலிய விவரங்களைக் கோப்புக்குள்ளேயே வைத்திருக்கும் டேக்குகளைத் திருத்தவேண்டும்; திருத்தினால் கோப்பே மாறும். மாறினால் மறுபடி நகலெடுக்கவேண்டும். 38 ஜிபியை இருமுறை எழுதப் பொறுமை யாருக்கும் இல்லை.

கேள்விக்குறிகளும் ஒலிக்காத கோப்புகளும்

திரையில் தெரியும் பாடல் பெயர், கோப்பின் பெயரிலிருந்து வருவதன்று; எம்பி3 கோப்புக்குள் இருக்கும் ஐடி3 டேக்கிலிருந்து வருவது. அதன் முதல் வடிவம் கோப்பின் கடைசி 128 பைட்டில் அடங்கும். தலைப்புக்கு அதில் 30 பைட்டு. லத்தீன் எழுத்துகளை எண்ணி வகுத்த அந்த இடத்தில் தமிழை வைக்க வழியில்லை. வைக்க முயலும் மென்பொருள்கள் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடும். பின்னர் வந்த 2.3 பதிப்பு, யூனிகோடு எண்களை பைட்டுகளாக எழுதும் முறைகளில் ஒன்றான யூடிஎஃப்-16 குறியாக்கத்தை ஏற்றது. 2000இல் வந்த 2.4 பதிப்பு யூடிஎஃப்-8ஐயும் சேர்த்துக்கொண்டது. இந்த பிளேயரின் உள்மென்பொருள் 2.3 வரை மட்டுமே படிக்கும். 2.4இல் யூடிஎஃப்-8 என்று குறித்த தலைப்பைக் கண்டால் புரியாமல் விட்டுவிட்டு, கோப்பின் கடைசியில் உள்ள பழைய டேக்குக்குப் போய் அங்கிருக்கும் கேள்விக்குறிகளை எடுத்துக் காட்டும். ரோமன் எழுத்துத் தலைப்புகள் பழைய டேக்கிலும் ஒழுங்காக இருந்ததால் அவற்றில் குறை தெரியவில்லை.

2.4இல் இன்னொரு பொறியும் உண்டு. டேக்கின் உட்பகுதி ஒவ்வொன்றின் நீளத்தையும் அது பைட்டுக்கு ஏழு பிட்டு வீதம் எழுதும், 2.3 எட்டு பிட்டும் எழுதும். 128 பைட்டுக்குக் குறைந்த பகுதிகளில் இரண்டும் ஒரே எண்ணாக வருவதால் வேறுபாடு தெரியாது. ஆல்பத்தின் அட்டைப்படம் போன்ற பெரிய பகுதி வந்தவுடன் பழைய முறையில் படிப்பவர் நீளத்தைத் தவறாகக் கணக்கிட்டு, அதன்பின் வரும் அனைத்தையும் தொலைத்துவிடுவார். படத்துக்குப் பின்னால் பாடகர் பெயர் எழுதப்பட்டிருந்த சில கோப்புகளில் பாடகர் மட்டும் வெறுமையாக நின்றதற்கு இதுவே காரணம். எல்லா டேக்குகளையும் 2.3 பதிப்பாகவும் யூடிஎஃப்-16 ஆகவும் மாற்றி, கேள்விக்குறி நிறைந்த பழைய டேக்குகளை நீக்கினேன்.

ஒலிக்க மறுத்தவை பாடல்களே அல்ல. மேக் கணினி, தன் கூடுதல் விவரங்களை வைக்க இடமில்லாத வட்டுகளில், ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் துணைக் கோப்பு ஒன்றை எழுதிவைக்கும். பெரும்பாலும் 4,096 பைட்டு. பெயரின் முடிவில் எம்பி3 என்றே இருக்கும். இந்த பிளேயர் அவற்றையும் பாடல் என்று நம்பியது. தேடி அழித்தேன்.

அதன்பின் கார்டை வடிவமைத்து, முழுத் தொகுப்பையும் ஏற்றினேன். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆயிற்று. பிளேயர் தன் பாடல் பட்டியலைப் புதிதாகக் கட்டிக்கொள்ள மேலும் சில நிமிடங்கள். ஒத்திகையை ஓட்டினேன்: அழிக்க 0, நகலெடுக்க 0. அடுத்த வாரம் பெரியப்பா நான்கு பாடல்களைச் சேர்த்து ஒத்திசைத்தார். வழக்கம்போல் கால் மணி நேரம் காத்திருக்க உட்கார்ந்தவர், ஐந்தாறு நொடியில் "முடிந்தது" என்று வந்ததும், எதுவோ தவறிவிட்டது என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

எஞ்சியவை

ஒரு பாடகியின் பெயர் மட்டும் பட்டியலில் இன்னமும் இரண்டு முறை வந்தது. இதுவும் வடிவச் சிக்கல்தான் என்று எண்ணி மாற்றுக்கருவியை மறுபடி ஓட்டினேன்; அசையவில்லை. எண்களாகப் பிரித்துப் பார்த்தபோது, ஒன்றில் ஔகாரக்குறி முறையாக இருந்தது. மற்றதில் ஒற்றைக்கொம்புக்குப் பின் 'ள' என்ற உயிர்மெய்யெழுத்து தட்டப்பட்டிருந்தது. 'கௌ' என்று எழுதவேண்டியதை 'கெள' என்று எழுதுவது. பல எழுத்துருக்களில் கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆனால் யூனிகோடின் விதிப்படி இவை உண்மையிலேயே வேறு வேறு எழுத்துகள்; எந்த இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது, ஆக்கவும் கூடாது, ஏனென்றால் 'கெளுத்தி' என்ற சொல்லில் கெ, ளு என்று வருவது சரியான எழுத்தே. 14 கோப்புகளின் டேக்குகளைக் கையால் திருத்தினோம்.

பழைய வடிவம் மறுபடி நுழையும் வாயில்கள் இன்னும் திறந்தே இருக்கின்றன. மேக்கில் கட்டிய ஸிப் கோப்பு ஒன்று, உள்ளிருக்கும் பெயர்களைப் பிரிந்த வடிவிலேயே சுமந்து வரக்கூடும். அதனால் புதிய பாடல்கள் வந்து விழும் கோப்புறையில் ஒரு சிறு நிரலை வைத்தேன். தொகுப்புக்குள் நகர்த்துமுன் பெயர்களைப் பார்த்துச் சேர்ந்த வடிவுக்கு மாற்றிவிட்டு, மாற்றியவற்றை ஓர் உரைக் கோப்பில் எழுதிவைக்கும். முதல் இரண்டு வாரங்களில் அந்தக் கோப்பில் ஆறு பெயர்கள் சேர்ந்திருந்தன. ஆறும் பெரியப்பாவின் நண்பர் ஒருவர் தம் மேக்கிலிருந்து அனுப்பிய ஒரே ஸிப்பில் வந்தவை.